மூன்று நாள் பழைய காயம்

மரிகினா,
ஜூலை 14.

அன்புள்ள செனியோவுக்கு,

டெல்பினா எழுதுகிறேன். இலோயிலோவில் உங்கள் அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கப்பலேறி இன்றோடு பத்தொன்பது நாள். கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அதுவும் நல்லதுதான். நான் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் முதலிலிருந்து எழுதினால்தான், நான் சொல்லாமல் விட்டது எது என்று தெரியும்.

பதினோரு வருடம் கல்யாணப் பெண்களை அலங்கரித்தவள், சினிமாவுக்கு வெட்டுக்காயமும் தீக்காயமும் போடக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது என் அம்மாவே சிரித்தாள். நீங்கள்தான் "போ டெல்பி, என் கைய வெச்சுப் பழகிக்கோ" என்று கையை நீட்டினீர்கள். நான் போட்ட வெட்டுக்காயத்தோடு உங்கள் சவாரி டிரைசைக்கிளை ஓட்டிப் போய் ஸ்டாண்டில் எல்லாரையும் அலறவிட்டு வந்தீர்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேக்கப் வகுப்பில் ஒடெட் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம், கண்ணுக்குக் கீழே மூன்று நாள் பழைய அடி. அடிபட்ட அன்று சிவப்பு, மறுநாள் ஊதா, மூன்றாம் நாள் ஓரத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்து நிற்க வேண்டும். அந்த முகத்தோடு, ஆட்கள் எதிரும் புதிருமாக உட்காரும் ஜீப்னி வண்டியில் வீட்டுக்குப் போகச் சொன்னார். "யாரு அடிச்சான்னு ஒருத்தராவது கேக்கணும். கேட்டா நீ பாஸ்" என்றார்.

ஜீப்னியில் யாரும் கேட்கவில்லை. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நம் தெருவில் இறங்கியதும், மீன் விற்றுக்கொண்டிருந்த புரிங் அக்கா அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இது இன்னிக்கு வாங்கினதில்ல, ஞாயித்துக்கிழமை வாங்கினது" என்று கணக்குச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டிவியில் பாஸ்கட்பால் பார்த்துக் கத்தியது தெருவுக்கே கேட்டிருந்தது. "அன்னிக்கே நெனச்சேன், என்ன கத்து கத்தினான்!" என்றாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வட்டத் தலைவர் தெயோ இரண்டு காவலாட்களோடு வந்து, "யாரும்மா இத செஞ்சது? உன் புருஷனா?" என்று கேட்டார்.

கூட்டத்தின் சத்தத்தில் அந்தக் கேள்வி என் காதில் விழவில்லை என்று பிறகு உங்களிடம் சொன்னேன். பொய். தெளிவாக விழுந்தது. விழுந்ததும் என் மனதில் வந்தது நீங்கள் இல்லை. பாஸாகிவிட்டேன் என்பதுதான். இவ்வளவு கிட்டத்தில் பார்த்தும் புரிங் அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று பூரித்துப் போனேன். இன்னும் கொஞ்ச நேரம் நம்பட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். போதாததற்குத் தலையை வேறு குனிந்துகொண்டேன். அது நடிப்பு, செனியோ.

அந்த ஒரு நிமிடத்தில்தான், ஸ்டாண்டிலிருந்து சவாரியோடு வந்த உங்களைக் காவலாட்கள் வண்டியிலிருந்து இழுத்தார்கள். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் செருப்பு ஒன்று கழன்று சாக்கடையில் விழுந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் மேக்கப், மேக்கப் என்று கத்தினேன். "அடி வாங்கினவ எல்லாரும் இப்படி ஏதாவது சொல்லித்தான் புருஷனக் காப்பாத்துறா" என்றார் தலைவர். குழாயடியில் முகத்தைத் தேய்த்தேன். படப்பிடிப்பில் வியர்வைக்குக்கூட அழியாத சாயம் அது. அழிக்கிற மருந்து வகுப்பில் இருந்தது. தேய்க்கத் தேய்க்கக் கன்னம் சிவந்ததுதான் மிச்சம். இனி அடிக்க மாட்டேன் என்று வட்ட அலுவலக ஏட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உங்களை விட்டார்கள். மறுநாள் சாயத்தை அழித்துவிட்டு வெறும் முகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஊர்ப் பொண்ணுங்க வடுவெல்லாம் மறைக்கிறவளுக்கு, தன் கன்னத்த மறைக்கத் தெரியாதா?" என்று புரிங் அக்கா நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிள்ளைகளை இனி உங்கள் வண்டியில் அனுப்ப மாட்டோம் என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். நீங்கள் பையைக் கட்டினீர்கள். "வேலைய நல்லாத்தான் கத்துக்கிட்ட" என்று மட்டும் சொன்னீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், எல்லார் முன்னிலையிலும் தலைவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கண்ணுக்குக் கீழே அதே காயத்தைப் போட்டேன். இருபது நிமிடம் பிடித்தது. வீட்டிலிருந்து வந்த அவர் மனைவி பார்த்துவிட்டு, "எவன்டா என் புருஷன் மேல கைய வெச்சவன்?" என்று கூட்டத்தையே ஒரு பிடி பிடித்தாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் அந்தக் காயத்தோடேயே போய் அந்த ஏட்டில் உங்கள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். தாய்மார்கள் நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறார்கள். ஸ்டாண்டில் உங்கள் இடத்தில் வேறு யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

சிரிப்பு அடங்கியதும் புரிங் அக்கா கேட்டாள்: "அது சரிடி, அன்னிக்குத் தலைவர் கேட்டப்பவே ஏன் சொல்லல?" நான் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாததை அவளிடம் எப்படிச் சொல்வது? ஒரு மதிப்பெண்ணுக்காக உங்களை விட்டுக்கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவளுக்குக் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

காதில் விழவில்லை என்று நான் சொன்னபோது நீங்கள் வெறுமனே தலையாட்டினீர்கள். உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நான் கூசிப்போகக் கூடாதென்று நம்பியதுபோல் இருந்துவிட்டீர்கள் என்று இப்போது படுகிறது. இனி அந்தத் தயவு வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். தெருவுக்கே கேட்கும்படி என்னைத் திட்டுங்கள். யார் ஓடி வந்து என்ன கேட்டாலும், இந்தத் தடவை கேட்ட உடனே பதில் சொல்கிறேன்.

கடல் கடந்து வரும் வழியெல்லாம் மாதா உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசும்,
டெல்பினா