பாறை இடுக்கில் ஒரு பதில் கார்டு

சிவமயம்

திருவண்ணாமலை, செங்கம் ரோடு
பிலவ வருஷம், ஆவணி 20, செவ்வாய்க்கிழமை (1961)

சிரஞ்சீவி தம்பி அருணகிரிக்கு உன் சின்னம்மா உண்ணாமலை எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் ரேணுகாம்பாளும் பசுவும் சௌக்கியம். நீ பிலாயில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, அந்த இரும்பு உலைக்குப் பக்கத்தில் ஜாக்கிரதையாக நிற்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கீழ்பென்னாத்தூர்க் கொல்லையில் மல்லாட்டைக் கடலைச் செடிக்குக் களை எடுத்தாகிவிட்டது. மழை கம்மிதான். பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. என் முழங்கால் வலி ஜாஸ்தியானாலும் ஐந்து சோமவாரம் மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டு நேற்றோடு முடித்துவிட்டேன். வேண்டுதல் எதற்கு என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். கல்யாணமான மறு வருஷமே ரேணுகாவை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாய். இரண்டு வருஷமாகிறது. போன தை மாசம் எனக்குப் போட்ட காகிதத்தில், 'இங்க எல்லாம் இந்திதான் சின்னம்மா. ஒண்ணும் தெரியாதவளக் கூட்டினு வந்து நான் இன்னா பண்றது? அங்கியே இருக்கட்டும்'னு எழுதியிருந்தாய். அதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

அந்த ஒண்ணும் தெரியாதவள் என்ன செய்தாள் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம்மிடம் பால் வாங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா ஹில்டாவை உனக்குத் தெரியாது. ஆசிரமத்துக்கு எதிரில் ரூம் எடுத்திருந்தாள். பனைமர உயரம். தினமும் மலையில் சுற்றுவாள். ஆனி மாசம் தன் சீமைக்குத் திரும்பும்போது ரேணுகா கையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, மலையைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். பிரித்துப் பார்த்தால் எழுத்தே இல்லை. ஒரு வளைவு, நாலு புள்ளி, ஒரு அம்பு, நாற்பது என்று நம்பர். நான், 'பாவம், கோலம் போடக் கத்துக்கினு இருந்தா போல'ன்னு சொல்லிவிட்டேன். ரேணுகா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பத்து நாள் கழித்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது திடீரென்று, 'அத்தை, இது கோலம் இல்ல. காட்டுப் பாதையில நந்தி குந்திக்கினு இருக்கிறாப்பல ஒரு பாறை இருக்குதே, அது!' என்றாள்.

மூன்றாவது சோமவாரம் விடிந்ததும் ரோடு வழியாகப் போகாமல், ஆசிரமத்துக்குப் பின்னால் மலையை ஒட்டின காட்டுப் பாதையில் என்னை இழுத்துக்கொண்டு போனாள். கள்ளியும் முள்ளும் புடவையைப் பிடிக்க, ஒரு நமசிவாய, ஒரு திட்டு என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தேன். நந்திப் பாறை வந்தது. நாலு புள்ளிக்கு நாலு உசில மரமும் இருந்தது. அம்பு காட்டின பக்கம் நாற்பது அடி எண்ணி நடந்தாள். அங்கே வெறும் புல். நான் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். 'திரும்புடி, பாம்பு கீம்பு இருக்கப்போவுது'ன்னு கத்தினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சிரித்தாள். 'ஹில்டாம்மா ஒரு எட்டு வெச்சா நமக்கு ஒண்ணரை எட்டு அத்தை. நாப்பதுன்னா நமக்கு அறுபது'ன்னு சொல்லி, திரும்ப மரத்தடிக்குப் போய் அறுபது எண்ணினாள். அறுபதாவது அடியில் ஒரு பாறை இடுக்கு, அதன் வாயில் ஒரு பலகைக் கல். கல்லைத் தள்ளினால் உள்ளே மெழுகுத் துணி சுற்றின பிஸ்கட் டப்பா.

தம்பி, நீ கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினவன். உனக்கு அது தோன்றியிருக்குமா?

டப்பாவில் ஒரு நோட்டு, மயில் செதுக்கின ரப்பர் முத்திரை, ஒரு தபால் கார்டு, சின்னத் தகரப் பெட்டியில் சிவப்பாக ஏதோ. சித்தர் நடமாடும் மலையில் இடுக்கில் சிவப்பாக இருந்தால் நான் வேறென்ன நினைப்பேன்? குங்குமப் பிரசாதம் என்று கண்ணை மூடி, அருணாசலா என்று நெற்றி நிறைய இட்டுக்கொண்டேன். அவளுக்கும் வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, 'ஐயோ அத்தை, இது முத்திரை குத்துற மை!'ன்னு அலறினாள். அந்தச் சிவப்பு நாலு நாள் போகவில்லை. பூக்காரி சந்திரம்மாள் ராஜகோபுரத்து வாசலில் வைத்து, 'இன்னாக்கா, உன்னையும் முத்திரை குத்தி ரிஜிஸ்தர் பண்ணிட்டாங்களா?'ன்னு கேட்டு ஊரையே சிரிக்க வைத்தாள்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஹில்டாம்மா யாரையோ பிடித்துத் தமிழில் எழுதி வாங்கியிருந்தாள். அவள் சீமையில் மலை ஏறுகிறவர்கள் இப்படிப் பெட்டியை ஒளித்து வைப்பார்களாம். கண்டெடுத்தவர் பெயரெழுதி மயிலைக் குத்த வேண்டும். உள்ளே இருக்கும் கார்டை எடுத்துப் போய்த் தபாலில் போட்டுவிட்டு, தன் கார்டு ஒன்றை அடுத்து வருகிறவருக்காக வைக்க வேண்டும். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ரேணுகா இதை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். தன் பெயரை எழுதினாள். உள்ளே இருந்தது மதுரைக்கு யாரோ எழுதின கார்டு. அதைக் கொண்டுவந்து அன்றைக்கே போட்டோம்.

நாலாவது சோமவாரம் அவள் மடியில் ஒரு கார்டு கொண்டுவந்தாள். ரெண்டு மடிப்பாக ஒட்டிக்கொண்டு இருக்குமே, பதில் கார்டு, அது. ஒரு பாதியில் உன் விலாசம். உன் பழைய கவரைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள். மறுபாதியில் நம் வீட்டு விலாசம். சேதி எழுதும் இடத்தில் மயிலை மட்டும் குத்தி டப்பாவில் வைத்தாள். நான் சும்மா இருக்கமாட்டேனே. 'ஏண்டி, தபாலாபீசு ஊர் நடுவுல இருக்கச் சொல்லோ பாறைக்குள்ள வெக்கிறியே, பைத்தியமா?'ன்னு கேட்டேன். அவள் கல்லை நகர்த்திக்கொண்டே, 'நான் போட்ட எட்டு லெட்டருக்கும் பதில் வரல அத்தை. வேற யாரு கையாலயாவது போவட்டும்'னு சொன்னாள். அழவில்லை தம்பி. கல் சரியாக மூடியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

அவள் எட்டு லெட்டர் போட்டது எனக்குத் தெரியாது. புருஷனுக்கு ஒரு வரி எழுதாத அழுத்தக்காரி என்று நான் அவளை எத்தனை தரம் ஏசியிருக்கிறேன். அவள் ஒரு தரம்கூட உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு மீதி மலையை நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே சுற்றினேன்.

நேற்று அவளுக்கு முந்தி நானே அறுபது எண்ணிக் கல்லை நகர்த்தினேன். கார்டு இல்லை. நோட்டில் ரேணுகா பெயருக்குக் கீழே பெயர் ஒன்றும் இல்லை. சிவப்பு மையில் ஒரு பெருவிரல் ரேகை, ஓரத்தில் வெட்டுக்காயத் தழும்பு. விறகு வெட்டுகிறவரோ ஆடு மேய்க்கிறவரோ, எழுதப் படிக்கத் தெரியாத யாரோ. யாருக்குப் போகிற கார்டு என்று அவருக்குத் தெரியாது. யாரோ யாருக்கோ வைத்தது, போய்ச் சேரட்டும் என்று மலையிறங்கி வந்து போட்டிருப்பார். ரேணுகா அந்த ரேகையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, 'நல்லவரு அத்தை'ன்னு மட்டும் சொன்னாள்.

இந்தக் காகிதத்துக்கு முன்னாலேயோ பின்னாலேயோ அந்த மயில் உன்னிடம் வரும். யாரோ விளையாடுகிறார்கள் என்று தூக்கிப் போட்டுவிடாதே. குவார்ட்டர்ஸ் சின்னது, ஊர் புதிசு, பாஷை தெரியாது என்று இனி எனக்கு எழுதாதே. எழுத்தே இல்லாத காகிதத்தைப் படித்தவளுக்கு இந்தி எத்தனை நாள்? என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். கறக்க எனக்குக் கை இருக்கிறது, பேச கன்றுக்குட்டி இருக்கிறது.

கார்டின் மறுபாதியைக் கிழித்து ஒரு வரி எழுதி அவள் பெயருக்குப் போடு. எழுத வரவில்லை என்றால் உன் பெருவிரலையாவது மையில் தொட்டு ஒற்றி அனுப்பு, ராசா. அவள் படித்துக்கொள்வாள்.

அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

உன்னை வளர்த்த சின்னம்மா,
உண்ணாமலை