செப்புக்குடத்துத் தண்ணீர்

அண்ணே,

இன்று காலை எதிர்வீட்டுக்காரி வராந்தாவில் உட்கார்ந்து புளி போட்டுப் பூஜைச் செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளியும் செம்பும் சேர்ந்தால் பல் கூசுகிற மாதிரி ஒரு வாசனை வருமே, அது கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகு டீ இறங்கவில்லை. நம் வீட்டில் செம்புப் பாத்திரம் எதுவும் இப்போது இல்லை. செப்புக்குடத்தைப் பழைய பாத்திரக்காரனிடம் தூக்கிக் கொடுத்த அன்று, "நல்லாத்தானே இருக்கு, ஏன் குடுத்த?" என்று நீ கேட்டாய். "தேய்ச்சு மாளல" என்றேன். அது பொய். நான் உன்னிடம் சொன்ன பொய்களில் அது சின்னது. பெரியதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவனுக்குக் கடல் எதற்கு என்று கேட்டவர்களில் முதல் ஆள் நான். மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்கு ஏசி பார்க்கப் போன நீ, அங்கே கண்ணாடித் தொட்டியில் வளர்த்த பவளங்களைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு இறங்காமல் வந்தாய். "பூவுன்னு நெனச்சேன்ட்டி. தொட்டா சுருங்குது. உசிரு இருக்கு" என்றாய். நாற்பத்தெட்டு வயதில் உனக்கு வந்த காதல் அது. நீ கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டும் பயனில்லாமல் உன்னிடமே திரும்பி வந்தவள். செம்பூரில் நம் ஒரு அறை, ஒரு சமையலறை வீட்டில், ஜன்னலோரம் என் தையல் மிஷின் இருந்த இடத்தில் உன் தொட்டி வந்து உட்கார்ந்தது. நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் நானே அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நீ சிரித்தாய்.

மென்பவளங்கள்தான் வைத்திருந்தாய். குடைக்காளான் போல ஒன்று, லெதர் என்பாய். விரல்களை விரித்து விரித்து மூடுகிற ஜீனியா. சோற்றுக்குக் கை நீட்டுகிறது என்று நான் சொல்ல, நீ அதற்குப் 'பந்திக்காரி' என்று பெயர் வைத்தாய். பம்பாய் வெயிலில் அந்தத் தண்ணீர் சூடேறக் கூடாது. கடையில் விற்கும் குளிரூட்டி உனக்குப் பிடிக்கவில்லை. பழைய வாட்டர் கூலரின் கம்ப்ரசரையும் எங்கிருந்தோ தேடிப் பிடித்த டைட்டானியம் குழாயையும் வைத்து நீயே ஒன்றைக் கட்டினாய். ஏன் டைட்டானியம் என்று அரை மணி நேரம் எனக்கு விளக்கினாய். நீ குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் டிவி பக்கம் திரும்பிவிடுவேன். அன்றும் திரும்பிவிட்டேன். அந்த அரை மணி நேரத்தைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

அந்த மிஷினைப் பார்த்து ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். மாட்டுங்காவில் இரண்டு வீடு, தேவ்நாரில் ஒன்று, இங்கே செம்பூரில் ஒன்று, நெருளில் பாலக்காட்டு மாமி ஒருத்தி. ஐந்து மிஷின் கட்டிக் கொடுத்தாய். முப்பது வருடம் பிறர் கட்டிய மிஷினையே ரிப்பேர் செய்தவன், முதல் தடவையாக உன் பெயரில் ஒன்று ஓடுகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அவ்வளவு பேசுகிறவனாக உன்னை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. ஏசி மெக்கானிக்குக் கோடையில் மூச்சு விட நேரம் கிடையாது. தொட்டியில் ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்புகிற வேலையை என்னிடம் கொடுத்தாய். "ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துட்டி, குழாத்தண்ணி வேண்டாம்." சரி என்றேன். அந்தச் சமயத்தில்தான் ஆர்ஓ தண்ணீர் செத்த தண்ணீர், செம்பில் ஊற்றி வைத்துக் குடித்தால்தான் அதற்கு உயிர் வரும் என்று போனில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாமிரபரணித் தண்ணீரில் தாமிரம் இருக்கிறது, அதனால்தான் நம்ம ஊர்க்காரனுக்கு நோய் அண்டாது என்று கேட்டு வளர்ந்த காதுதானே இது. தாராவியில் பிறந்தவளுக்கு என்ன ஆறு, என்ன தாமிரம்! ஆனாலும் நம்பினேன். குடம் வாங்கினேன். நாமும் அதைக் குடித்தோம். நமக்கு நல்லதென்றால் அந்த வாயில்லா ஜீவனுக்கும் நல்லதுதானே என்று, ராத்திரி முழுக்கக் குடத்தில் கிடந்த தண்ணீரைத் தினமும் காலையில் தொட்டியில் ஊற்றினேன். ஆசையாகத்தான் ஊற்றினேன், அண்ணே.

முதலில் லெதர் சுருங்கியது. "தோலுரிக்குதுட்டி, ஒரு வாரம் பொறு" என்றாய். அது அப்படிச் செய்வதுதான். மேலே மெழுகு போல ஒரு படலம் கட்டி, அது கழன்றதும் முன்பைவிட அழகாக விரியும். வாரம் இரண்டானது. விரியவில்லை. விளக்கை உயர்த்திக் கட்டினாய். மோட்டாரைத் திருப்பி வைத்து நீரோட்டத்தைக் குறைத்தாய். உப்பு அளவு பார்த்தாய், சரியாக இருந்தது. வேலை முடிந்து வந்து கைகூடக் கழுவாமல்... இல்லை, தப்பு, கழுவிவிட்டுத்தான். தொட்டியில் கைவிடும் முன் முழங்கை வரை கழுவுவாய், சோப்பு வாசம் போகும்வரை. அப்படிப்பட்டவன் நீ. பந்திக்காரி ஒரு நாள் கையை மூடினாள். பிறகு திறக்கவே இல்லை. அடுத்து, பாசி தின்ன நீ விட்டிருந்த நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன.

"என்ன தண்ணி ஊத்துத?" என்று கேட்டாய்.

"ஆர்ஓ தண்ணிதான்."

அதில் பொய் இல்லை. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நீ ஃபில்டரைக் கழற்றிப் புதிது மாட்டினாய்.

நத்தை செத்தால் தண்ணீரில் செம்பு இருக்கிறதா என்று பார் என்று, உனக்கு முதலில் பவளம் காட்டிய மாட்டுங்காக்காரர் சொன்னாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டினாய். நிறம் மாறியது. நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாய்.

"செம்புட்டி. தண்ணியில செம்பு ஏறியிருக்கு. இதுகளுக்கு அது வெசம்."

நான் சமையலறை வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் மேடையில் குடம் இருந்தது. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது, நீ ஏன் டைட்டானியம் தேடினாய் என்பதும். வாயைத் திறந்தேன். அதற்குள் நீ குளிரூட்டியின் மூடியைக் கழற்றிவிட்டாய். வெளியே ஓடுகிற கேஸ் குழாய் செம்பு. அதன் ஜாயிண்டில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. நீ அதை விரலால் தடவி என்னிடம் காட்டினாய்.

"குழா வேர்த்து, அந்தத் தண்ணி இது வழியா உள்ள எறங்குது. என் வேலைதான். நான் கட்டுன மிஷினுதான் கொன்னுருக்கு."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஏன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். நீ திட்டுவாய் என்று பயமா? நீ என்னைத் திட்டியதே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நீ ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைப் பார்த்திருப்பாய். அதை என்னால் தாங்க முடிந்திருக்காது. நாளைக்குச் சொல்லலாம், கோபம் ஆறட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றே நீ மிஷினை பந்த் செய்து கழற்றினாய். அன்றே நான் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் பிளாஸ்டிக் கேனுக்கு மாறினேன்.

இரண்டும் ஒரே நாளில் நின்றது என் தலையெழுத்து. நீ கரி போட்டு வடிகட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி, ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு ஒன்றரை மாதம் போராடினாய். பந்திக்காரி கரைந்து போனாள். லெதர் பிழைத்தது. ஒரு காலை அது மெதுவாகக் குடை விரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். உன் முகம் செத்துக் கிடந்தது.

"பாத்தியாட்டி? மிஷின எடுத்ததும் சரியாயிட்டு."

அதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்? அடுத்த ஞாயிறு முதல் வீடு வீடாகப் போனாய். நான்கு வீட்டில் உன் மிஷினைக் கழற்றி, கடை மிஷின் மாட்டிக் கொடுத்தாய். அந்த நான்கு தொட்டியிலும் ஒரு நத்தைகூடச் சாகவில்லை என்று அவர்கள் சொல்லியும் நீ கேட்கவில்லை. "இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு எறங்கும்" என்றாய். நெருள் மாமி மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார். அதை எண்ணியே பல நாள் தூங்காமல் கிடந்தாய். அதன் பிறகு நீ எதையும் கட்டவில்லை. ஏசி ரிப்பேருக்குப் போனால்கூட ஜாயிண்டை மூன்று தடவை தடவிப் பார்த்துவிட்டு, பாதி வழியில் திரும்பிப் போய் மறுபடியும் பார்த்துவிட்டு வருவாய். "கை தப்பிட்டுட்டி" என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். நான் ரசம் ஊற்றினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இரண்டு வருடம். எத்தனை நாள், எத்தனை வேளைச் சோறு! சொல்வதற்கு இடமா இல்லை? நாள் ஆக ஆகச் சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு குடத்தின் கதை. ஒரு வருடம் கழித்துச் சொன்னால், உன்னை ஒரு வருடம் வேகவிட்டு வேடிக்கை பார்த்தவளின் கதை.

பிறகு ஒரு ராத்திரி மூச்சுத் திணறி உன்னைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், ஆக்ஸிஜன் மாஸ்க்கை நர்ஸ் சற்று நேரம் எடுத்துவிட்டிருந்தாள். உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"தொட்டிக்குத் தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

"வேற என்ன?"

நீ ஆவலாகத்தான் கேட்டாய். உன் முகம் அன்று தெளிவாக இருந்தது. "ஒண்ணுமில்ல" என்றேன். மறுநாள் நீ இல்லை.

மூன்று மாதம் கழித்து நெருள் மாமி போன் செய்தார். மிஷினில் தூசி அடைத்துக்கொண்டு சத்தம் வருகிறது, உன்னை அனுப்ப முடியுமா என்று. விஷயத்தைச் சொன்னதும் அழுதார். நான் ரயில் ஏறிப் போனேன். அவர் வீட்டுத் தொட்டியில் ஜீனியா புதராய் மண்டிக்கிடந்தது, நூறு கை விரிந்து மூடிக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக உன் மிஷின் குளிரவைத்த தண்ணீர். அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், குடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை. ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

மாமி உன் மிஷின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவர்ட்ட சொல்லியிருக்கலாமோல்லியோ?"

ஆமாம் மாமி என்றேன்.

அதன் பிறகு மற்ற நான்கு வீட்டுக்கும் போனேன். உன் மிஷினில் குறையில்லை, உன் கையில் குறையில்லை, தப்பு என்னுடையது என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். தேவ்நார்க்காரர், "அரே, ஜானே தோ தீதி", போகட்டும் விடுங்கள் அக்கா என்று, தண்ணீர் கொடுத்தார். மாட்டுங்காவில் ஒருவருக்கு நீ வந்துபோனதே சரியாக நினைவில்லை. போன ஞாயிறு செம்பூர் வீட்டில் சொல்லி முடித்தேன். உன் பெயரில் இனி யார் வீட்டிலும் களங்கமில்லை.

அங்கிருந்து நடந்து வந்து நம் வீட்டுக் கதவைத் திறந்தேன். ஐந்து வீட்டிலும் சொல்லிவிட்டேன், அண்ணே. சொல்லாமல் விட்டது இந்த வீட்டில் மட்டும்தான்.