பச்சைச் சேலை கட்டிய பொம்மை

ஹைதராபாத்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அனுப்பிய பழைய சேலைகள் வந்துவிட்டன, மிகவும் நன்றி. நடுவில் வைத்த முறுக்கு உடையவே இல்லை. ஒருத்தி மட்டும் தின்பதால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

சேலை கட்டி, ஸ்கூட்டரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும் பெண் எப்படி விழுகிறாள், எங்கே அடிபடுகிறது என்று அளப்பதுதான் இப்போது எங்கள் ஆய்வு. ஆளுயரப் பொம்மைக்கு உங்கள் பச்சைச் சேலையைக் கட்டிவிட்டவள் லாலாகுடாவிலிருந்து வரும் உதவியாளர் சுமலதா. "நக்கோ நக்கோன்னு அடம் பிடிச்சா விடுவேனா? நேரா நில்லுக்கா!" என்று பொம்மையை அதட்டினாள். 'நக்கோ' என்றால் இந்த ஊர்ப் பேச்சில் 'வேண்டாம்'. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பொம்மை மல்லாந்து விழுந்தது. தலைதான் முதலில் தரையில் பட்டது. மற்றவர்கள் கணினியைப் பார்க்க ஓடினார்கள். நான் போய், விலகிக் கிடந்த சேலையைச் சரியாக இழுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சேலை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், இங்கே துவைத்துக்கொள்கிறேன்.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். ஒரே ஒரு சோதனையை வைத்து நான் எந்த முடிவும் சொல்வதில்லை. இருந்தாலும் இனி தம்பி எட்வின் வண்டியில் சர்ச்சுக்குப் போகாதீர்கள். "இத்தனை வருசத்துல ஒரு நாளாவது விழுந்தேனா?" என்பீர்கள். பரவாயில்லை, ஆட்டோவில் போங்கள்.

உங்கள் மகள்,
மெர்லின்