லின்ட்ரேதன் முக்கில் நின்றவர்

ஃபார்ஃபர்,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி மர்டோவுக்கு,

உன் அக்கா ரோனா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தான் நினியனுக்குத்தான் நலமில்லை. அங்கே நீயும் உன் மகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கனடாக் காற்று உனக்கு ஒத்துக்கொண்டது உன் கடிதத்திலேயே தெரிகிறது. அதில் பனி இருந்தது, பேரனுக்குப் பல் விழுந்த கதை இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கூரையைச் சரிசெய்தது கூட இருந்தது. உன் அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டு ஒரு வரி இல்லை.

தொலைபேசியில் கூப்பிட்டால், "அப்பா கடைக்குப் போயிருக்காரு அத்தை" என்கிறாள் உன் மகள். நல்ல பிள்ளை, அவளுக்குப் பொய் சொல்ல வராது. அது என்ன கடையோ, நான் கூப்பிடுகிற நேரம் பார்த்துத்தான் திறக்கிறார்கள். அதனால் காகிதத்தை எடுத்தேன்.

நம் சைக்கிள் சங்கத்தின் ஞாயிறு சவாரிகள் மறுபடி தொடங்கிவிட்டன. ஏரிப் பூங்காவைச் சுற்றுகிற பாதைக்குப் புதுச் சரளை போட்டிருக்கிறார்கள். மழையில்லாத நாட்களில் நினியனைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போகிறேன், ஆக்ஸிஜன் உருளை அவர் மடியில். ஏரியை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போகிற வருகிற சைக்கிள்களைப் பார்த்துக் குறை சொல்வதுதான் வேலை. "அந்தப் பொண்ணு சீட்ட ஒரு விரக்கடை ஏத்தணும், இல்லன்னா முட்டி போயிரும்" என்பார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் வாயை மூடுங்கள் என்றால், "வாய் ஒண்ணுதான் இன்னும் ஓடுது, அதையும் நிறுத்தணுமா?" என்கிறார்.

ஞாயிறு காலையில் சங்கத்தார் நம் வாசல் வழியாகத்தான் கிரிமுயர் பக்கம் போகிறார்கள். நினியன் ஜன்னலருகே உட்கார்ந்து கை காட்டுகிறார். கடைசி சைக்கிளும் போன பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான் இன்னும் வரலியா?" என்று கேட்கிறார். அவர் புத்தி கலங்கவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று நன்றாகத் தெரியும். கனடாவிலிருந்து இன்னும் வரவில்லையா என்றுதான் கேட்கிறார். ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு சொல்கிறேன். என் கையில் சாக்கு தீர்ந்துபோய்விட்டது.

நம் சங்கத்து விதி உனக்கு மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். சவாரி பாதை மாறுகிற ஒவ்வொரு முக்கிலும் ஒருவர் இறங்கி நிற்க வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்குத் திருப்பம் காட்ட. எல்லாருக்கும் பின்னால் கடைசி ஆள் என்று ஒருவர் வருவார். அவர் தாண்டுகிற வரை முக்கில் நிற்பவர் நகரக் கூடாது. போன நவம்பர் சவாரியில் லின்ட்ரேதன் ஏரிக்கு மேலே உள்ள முக்கில் நின்றவர் உன் அத்தான். கடைசி ஆள் நீ.

டண்டியிலிருந்து புதிதாக வந்த அந்த டீச்சருக்குச் சங்கிலி அறுந்தது உன் குற்றமில்லை. பனியும் மழையுமாகக் கொட்டியது. வழியில் வந்த பண்ணை வேனில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வேறு சாலையாகக் கிரிமுயர் போய்ச் சேர்ந்தீர்கள். அங்கே டீக்கடையில் உட்கார்ந்து, நாங்கள் இருவரும் சவாரியிலிருந்து விலகிக்கொண்டோம் என்று தலைவர் ஆர்ச்சிக்குப் போன் போட்டாய். நீ முக்கைத் தாண்டிய பிறகுதான் விலகினாய் என்று ஆர்ச்சி நினைத்துக்கொண்டார். ஆர்ச்சி யாரையாவது திருப்பி அனுப்பி முக்கில் நிற்பவரை அழைத்துக்கொள்வார் என்று நீ நினைத்துக்கொண்டாய். அந்த மேட்டில் போன் எடுக்காது. கிளாமிஸில் எல்லாரும் பிரியும்போது நினியனைக் காணோம் என்று யாரோ சொன்னதற்கு, "அவரு குறுக்கு வழியா வீட்டுக்குப் போயிருப்பாரு, எப்பவும் அப்படித்தான்" என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார். நான் வீட்டில் சூப்பைத் திரும்பத் திரும்பச் சுடவைத்துக்கொண்டு, நீங்களெல்லாம் எங்கோ பீர் குடிக்கிறீர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் ஆடு மேய்க்கிற பண்ணைக்காரர் ஒருவர் நினியனைப் பார்த்திருக்கிறார். சைக்கிளைப் பிடித்தபடி நின்றாராம், உதடெல்லாம் நீலம். வண்டியில் ஏறச் சொன்னதற்கு, "கடைசி ஆள் இன்னும் வரல" என்றாராம். அந்த மனிதர் தூக்கித்தான் உள்ளே போட்டிருக்கிறார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள், விதி என்ன வேதமா என்று ஆஸ்பத்திரியில் கத்தினேன். "விதிக்காகவா நின்னேன்? அவன் வழி தெரியாத பய. நான் நகந்தா நேரா மலைப்பாதையில ஏறிருவான், அங்கிட்டு ஒரு வீடு வாசல் கிடையாது. அவனுக்குப் போன வருஷம்தான் நெஞ்சுல வைத்தியம் பண்ணியிருக்கு. எங்கயாச்சும் விழுந்து கிடந்தா?" என்றார். அந்த நேரம் நீ கிரிமுயரில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கறி அடைத்த பிரைடி தின்றுகொண்டிருந்தாய் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்தான், கோபம். அவர் சிரித்தார், மர்டோ. "பிரைடியா? எனக்கு ஒண்ணு வாங்கி வச்சானா இல்லையா?" என்று கேட்டார்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எனக்குத் தெரியும். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாய் என்று நர்ஸ் சொன்னாள். புத்தாண்டு கழிந்ததும் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாய்.

அன்று பிடித்த நிமோனியா போய்விட்டது. நுரையீரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இலையுதிர் காலத்தை எண்ணி எதையும் திட்டமிட வேண்டாம் என்று டண்டி டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நினியனுக்கும் அது தெரிந்திருக்கிறது, என்னிடம் கேட்பதில்லை.

ஜூலையில் ராஸ்பெரி பழுப்பதற்குள் வந்துவிடு தம்பி. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார். வழி தெரியாத பயலே என்று திட்ட அவருக்கு ஆள் வேண்டும். என்னைத் திட்டினால் நான் திருப்பித் திட்டிவிடுகிறேன், அவருக்கு அதற்கு மூச்சு போதவில்லை.

உன் வருகையை எதிர்பார்த்திருக்கும்,
அன்புள்ள அக்கா,
ரோனா


ஃபார்ஃபர்,
ஆகஸ்ட் கடைசி

மர்டோவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பேரனைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, செப்டம்பர் நடுவில் வருவதற்கு டிக்கெட் எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். நீ அதைத் தபாலில் போட்ட அன்று அவர் இருந்தார். அது என் கைக்கு வந்தபோது மண் போட்டுவிட்டோம்.

தொலைபேசியில் செய்தி சொன்னபோது உன் மகள் விம்மி அழுதாள். "அப்பா வெளிய போயிருக்காரு" என்று அப்போதும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நீ இருமினாய். உன் இருமல் எனக்குத் தெரியாதா?

அடக்கத்துக்குச் சங்கத்தார் சைக்கிளிலேயே வந்தார்கள். ஆர்ச்சி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார், பாவம், பாதியாக இளைத்துவிட்டார். முக்கில் ஆள் நிறுத்துகிற விதியை எடுத்துவிட்டார்களாம். இப்போது எல்லார் கைப்பிடியிலும் வழி காட்டுகிற கருவி இருக்கிறது. நல்லது என்றேன். வேறு என்ன சொல்ல?

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கை காட்டவும் முடியவில்லை. சைக்கிள்கள் போன பிறகு உன்னைக் கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. மத்தியானம் சூப்பை வேண்டாமென்று தள்ளிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான ஒண்ணும் சொல்லிராத ரோனா. நான் அவன மன்னிச்சிட்டேன்னு சொல்லு. மன்னிக்க என்ன இருக்கு, பயந்த பய. நீயும் மனசுல வச்சுக்காத, என்ன?" என்றார். சரி என்றேன். "சத்தியமா?" என்றார். சத்தியம் என்றேன்.

அவருடைய மன்னிப்பு உண்மை. அதை உன்னிடம் சேர்த்துவிட்டேன், வைத்துக்கொள். என் சத்தியம் பொய். போகிறவரிடம் வேறு எதைச் சொல்லி அனுப்புவது?

நீ வேனில் ஏறியதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். மழையில் யாரும் ஏறுவார்கள், அது யாருக்கும் வரக்கூடிய தப்பு. மே மாதத்திலிருந்து நீ வராமல் இருந்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த மனிதர் உன்னை விசாரித்ததை நீ காதால் கேட்டதில்லை, நான் கேட்டேன். உன்னைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். சின்ன வயதிலும் எதையாவது உடைத்துவிட்டால் நீ கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாய், நான்தான் தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துவருவேன். இந்தத் தடவை கடல் குறுக்கே கிடந்தது. எனக்கும் வயதாகிவிட்டது.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. நீ வந்து கதவைத் தட்டினால் திறப்பேன், தட்டில் சாப்பாடும் வைப்பேன், கூடப் பிறந்தவன் இல்லையா. ஆனால் எதிரே உட்கார்ந்து உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இனிமேல் வரும் என்றும் தோன்றவில்லை.

உங்கள் ஊரில் குளிர் சீக்கிரம் வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். நெஞ்சை மூடிக்கொள். மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

நன்றாயிரு, தம்பி. அங்கேயே நன்றாயிரு.

ரோனா