நாங்க செஞ்சோம்

அன்புள்ள அப்பாவுக்கு, புனேயிலிருந்து ஹெப்சிபா. கர்த்தர் கிருபையில் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பதவி உயர்வு இந்த முறையும் எனக்கு இல்லை. கவலைப்படாதீர்கள். நேர்காணலில், நான் தனியாகச் செய்த வேலையையும் பழக்கத்தில் "நாங்க செஞ்சோம்" என்றே சொல்லியிருக்கிறேன். மேலாளர் நம் மேலூர்க்காரர்தான். "அம்புட்டும் நாங்கன்னா, நீ என்னதாம்மா செஞ்ச?" என்று சிரித்தார். வீட்டில் "நான்" என்று ஆரம்பித்தாலே "பெருமை பேசாத" என்பீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது.

தம்பி டோனி வரும்போது என் பச்சைப் போர்வையைக் கொடுத்துவிடுங்கள். இங்கே குளிர்கிறது.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைக்கும் அன்று குடும்ப ஜெபத்தில் "எங்கள் பிள்ளைகளை" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒரு தடவை "என் மகள் ஹெப்சிபாவை" என்று சொல்லுங்கள் அப்பா.