நடுவில் நிற்காத கப்பல்

வல்லத்திராக்கோட்டை
8.6.2025

அன்பு மகள் சரண்யாவுக்கு அப்பா எழுதுவது.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மழைதான் ஏமாற்றுகிறது. கிணற்றுத் தண்ணீரை வைத்துக் கடலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நீ நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே.

அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்கு எல்லோரையும் கப்பலில் கூட்டிப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. நீ அனுப்பிய இரண்டு கம்பெனி விவரங்களையும் உன் அண்ணி வனிதா போனில் பெரிதாக்கிக் காட்ட, ஒரு வரி விடாமல் படித்தேன். போனில் பேசினால் நீ சிரித்தே பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, வனிதாவிடம் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீயும் எழுதியே பதில் போடு.

மெரிடா கப்பல் சென்னையிலிருந்து கிளம்புகிறது. புதுக்கோட்டையில் ரயில் ஏறினால் போதும். புதுக் கப்பல். சைவச் சாப்பாட்டுக்குத் தனிச் சமையல். இலங்கையில் தினம் ஒரு ஊரில் இறங்கிப் பார்க்கலாம். லில்லி கப்பலுக்கோ சிங்கப்பூர் வரை விமானத்தில் வர வேண்டும். கப்பலும் பழசு. கீழராஜ வீதியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் சிவசாமியிடம் இரண்டையும் காட்டினேன். "அண்ணே, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா யாரும் லில்லிய எடுக்க மாட்டாங்க. ஒங்க பொண்ணு ஏன் அதையே புடிச்சுக்கிட்டு நிக்கிது?" என்று அவனே கேட்கிறான்.

நானும் அதையேதான் கேட்கிறேன். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறி டிக்கெட் பார்த்தே ஓய்வு பெற்ற செக்கிங் இன்ஸ்பெக்டர் நான். காரணம் இல்லாமல் எவனும் முன்படிக்கட்டை விட்டுப் பின்படிக்கட்டில் இறங்க மாட்டான்.

உன் அப்பா,
ரத்தினவேல்


சிங்கப்பூர்
11.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே பாதி ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறேன், நம்புங்கள்.

லில்லி ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவது, எனக்கு லீவு குறைவு. நான் சென்னைக்கு வந்து ஏறுவதைவிட நீங்கள் இங்கே வந்தால் கூட இரண்டு நாள் உங்களோடு இருக்கலாம். இத்தனை வருடத்தில் நான் இருக்கிற இடத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. இரண்டாவது, மெரிடா ஒரு திருவிழாக் கூட்டம் அப்பா. அம்மாவால் அந்த நெரிசலில் நடக்க முடியாது. லில்லி சின்னக் கப்பல். வேலை செய்கிறவர்கள் முகம் பார்த்துப் பேசுவார்கள். ரசம் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு தினமும் கேட்காமலே வரும்.

அறை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். முன்பக்கம் வேண்டாம். விடியற்காலையில் நங்கூரம் இறக்கும்போது தலைக்குள் சங்கிலி இழுப்பது போலச் சத்தம் கேட்கும். நடுவில் லிஃப்ட் பக்கமாக எடுத்தால் அம்மாவுக்கும் நல்லது. தேதி நான் முன்பு சொன்ன தேதியாகவே இருக்கட்டும். அந்தப் பயணம்தான் நமக்குச் சரிப்படும்.

அம்மாவும் நீங்களும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிடுங்கள். அண்ணனும் அண்ணியும் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்தானே.

உங்கள் அன்பு மகள்,
சரண்யா


வல்லத்திராக்கோட்டை
15.6.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வனிதா முதலில் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள் என்பதும் தெரியும். போகட்டும்.

நங்கூரச் சங்கிலிச் சத்தம் உனக்கு எப்படித் தெரியும்? கம்பெனி அனுப்பிய தாளில் அது இல்லை. எந்தக் கம்பெனியும் தன் கப்பலில் சத்தம் வரும் என்று அச்சடிக்க மாட்டான். கேட்காமலே ரசம் வரும் என்று தாளைப் படித்தவள் எழுத முடியாது, சாப்பிட்டவள்தான் எழுத முடியும். போன தீபாவளிக்கு டியூட்டி விடவில்லை என்று சொல்லி நீ ஊருக்கு வரவில்லை. உன் அம்மா உனக்காகச் சுட்ட அதிரசத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து வைத்திருந்து கடைசியில் வீணாகப் போனது. அந்தத் தீபாவளிக்கு நீ எங்கே இருந்தாய்?

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "கப்பல் கம்பெனிக்கு ஆள் புடிச்சுக் குடுக்குதோ என்னமோ" என்கிறான் உன் அண்ணன் பிரசாந்த். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் அதே கப்பல்ல வருவாங்க பாருங்க மாமா" என்கிறாள் வனிதா. உன் அம்மா மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. எதற்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டாத செங்கமலம், இதற்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடச் சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று. நீ சொன்ன தேதியை சிவசாமியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். லில்லியில் பல பயணங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை தினமும் காலையில் ஒரு கரையில் நிற்கின்றன. நீ கேட்கிற பயணம் மட்டும் கிளம்பிய பிறகு இரண்டு நாள் எங்கேயும் நிற்காமல் கடலிலேயே போகிறது. காசு கொடுத்து ஊர் பார்க்கப் போகிறவர்கள், ஊரே வராத பயணத்தை ஏன் எடுக்க வேண்டும்? தண்ணீரைப் பார்க்க மணமேல்குடி போதாதா?

மறைக்காமல் எழுது.

அப்பா


சிங்கப்பூர்
17.6.2025

அப்பாவுக்கு,

நான் உங்கள் மகள். உங்கள் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வந்தவள் இல்லை.

ஹாஸ்டல் தோழிகளோடு அந்தக் கப்பலில் போயிருக்கிறேன். தீபாவளிக்கும் போனேன். ஊருக்கு வரும் அளவுக்கு லீவு இல்லை, அதற்கு இருந்தது. சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லவில்லை. கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறேன் என்று அண்ணன் சொன்னதை நீங்கள் தடுக்கவில்லை, எடுத்து எனக்கே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வார்டில் என்னால் சரியாக வேலை பார்க்க முடியவில்லை.

இந்த ஒரு முறை, காரணம் கேட்காமல் என்னோடு வாருங்கள். இதுவரை நான் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

சரண்யா


வல்லத்திராக்கோட்டை
21.6.2025

சரண்யாவுக்கு,

நீ வருத்தப்பட்டது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கேட்ட கேள்விகளில் தேதிக்கு மட்டும் பதில் சொல்லாமல் நீ கோபப்பட்டிருக்கிறாய். டிக்கெட் தொலைந்துவிட்டது என்று சத்தம் போடுகிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

நேற்று உன் அம்மா புதுக்கோட்டைக்குப் போய் எனக்குத் தெரியாமல் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டு வந்தாள். "யாரைக் கேட்டு எடுத்த?" என்றேன். "யாரையும் கேக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆக, அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை.

மெரிடாவில் எங்கள் நான்கு பேருக்கும் இடம் பிடித்து வைக்கும்படி சிவசாமியிடம் சொல்லிவிட்டேன். மாத முடிவில் உறுதி செய்ய வேண்டுமாம். அதற்குமுன் உன்னிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்தால் தபாலில் எழுது. வனிதாவின் போன் வேண்டாம்; இந்தக் கடிதத்தையே சிவசாமியின் போனில்தான் படமெடுத்து அனுப்புகிறேன். தபால்காரரிடம் சொல்லி வைத்து நானே கையில் வாங்கிக்கொள்கிறேன். அவள் கெட்டவள் இல்லை, ஆனால் சொன்னதைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது.

அப்பா


சிங்கப்பூர்
22.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலைந்து தாளைக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன்.

லில்லி கப்பலில் சார்லஸ் என்று ஒருவர் வேலை செய்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர். ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். நம் வீட்டிலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். ஆனால் நான் அவரைப் பார்த்தது இங்கே, கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டி எங்கள் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தபோது. கட்டுப் பிரிக்கும்போது வலி தாங்காமல் "ஆத்தா" என்று கத்தினார். வார்டில் அந்த வார்த்தை புரிந்தது எனக்கு மட்டும்தான்.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. வேலைக்கு ஏறினால் மாதக்கணக்கில் அவர் கப்பலை விட்டு இறங்க முடியாது. அதனால் நான் ஏறினேன். ஹாஸ்டல் தோழிகளோடுதான் போனேன், அது பொய்யில்லை. போனது கப்பலைப் பார்க்க இல்லை. நாங்கள் உங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்துகொள்ளவில்லை. கல்யாணம் என்றால் உங்கள் முன்னால்தான் என்று இரண்டு பேருமே காத்திருக்கிறோம்.

தேதி ஏன் என்று கேட்டீர்கள். போன வருடத்துக்கு முந்திய பொங்கலுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, நீங்கள் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தீர்கள். "அப்பா, ஒருத்தரப் பத்தி ஒங்ககிட்ட பேசணும்" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான் சொன்னேன். "மோட்டார நிப்பாட்டணும்" என்று எழுந்து போனீர்கள். திரும்பி வரவில்லை. பொன்னமராவதியில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டதாகச் சாயங்காலம் அண்ணன் சொன்னான். நான் விமானத்துக்குக் கிளம்பும் வரை நீங்கள் வரவே இல்லை. பெயரைக்கூட நான் சொல்லி முடிக்கவில்லை அப்பா.

அதனால்தான் கரையில் நிற்காத பயணம். இரண்டு நாள் நீங்கள் எழுந்து போக முடியாது. வேறு திட்டம் எதுவும் எனக்கு இல்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மெரிடாதான் என்றால் அதிலேயே போய்வாருங்கள். அம்மா கடலை ஆசை தீரப் பார்க்கட்டும். நான் வரவில்லை.

உங்கள்
சரண்யா


வல்லத்திராக்கோட்டை
6.7.2025

அன்பு மகள் சரண்யாவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தைத் தபால்காரரிடம் வாங்கி ரோட்டில் நின்றே படித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சத்தம் போட்டேன். "என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எங்க கேட்டீங்க? செக்கிங்தான் பண்ணீங்க" என்றாள்.

கோபம் இன்னும் இருக்கிறது. பெற்ற அப்பனைத் தண்ணீருக்கு நடுவில் அடைத்து வைத்துப் பேச வேண்டும் என்று நினைத்தாயே. அந்தப் பையனின் சாதி, சாமி, சாப்பாட்டுத் தட்டு எடுக்கிற வேலை எல்லாவற்றையும் பிறகு பேசலாம். இது ஒன்றுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

நீ எழுதியதை அப்படியே நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் குன்றாண்டார்கோவிலுக்கு பஸ் ஏறினேன். மாடு விலைக்கு இருக்கிறதா என்று கேட்கிறவன் போலப் போய் விசாரித்துவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். வீடு கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. பையனின் அம்மா அருளாயி வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் மாடு என்று வாயெடுப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"சரண்யா அப்பாதானே? போட்டோவுல பாத்திருக்கேன். வாங்க, உள்ள வாங்க."

பொய் சொல்ல வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா உட்காரவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு என்னையே பார்த்தார். டிக்கெட் இல்லாதவர்களை பஸ்ஸில் நான் பார்ப்பேனே, அதே மாதிரிப் பார்வை.

"நான் ஒன்னு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"என்னையும் அந்தக் கப்பல்ல வரச்சொல்லி எம்மகன் தொந்தரவு பண்றான். அங்க வச்சுத்தான் பேசணுமாம். ஏன், ஊருல வச்சுப் பேச முடியாத வெசயமா? ஒங்க வீட்டுல எங்கள ஏத்துக்க மாட்டீங்க, அதனால எம்மகன அங்கிட்டே வச்சுக்கப் பாக்குறீங்கன்னு எனக்கு ஒரு பயம். படிச்ச பொண்ணு, நர்ஸு. ஏதோ திட்டத்தோடதான் செய்யிதுன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் உன்மேல் என்னவெல்லாம் சந்தேகப்பட்டேனோ அதையே அந்த அம்மா என்மேல் பட்டிருக்கிறார். "எனக்கே போன வாரம்தாங்க தெரியும்" என்றேன். நம்பவில்லை. உன் கடிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் எடுத்துக் காட்டவில்லை. அது நீ எனக்கு எழுதியது. பிறகு அவராகவே உட்கார்ந்து, பையனின் அப்பா இறந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கை வெந்த செய்தியை அவன் இவரிடம் சொல்லவே இல்லையாம். ஊருக்கு வந்தபோது சோற்றை இடது கையால் எடுத்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். முதல் பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இதை வைத்து நான் சம்மதித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. நான் எதற்கும் சம்மதிக்கவில்லை. உன் அண்ணனிடமும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவன் குதிப்பான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மெரிடா வேண்டாம் என்று சிவசாமியிடம் சொல்லிவிட்டேன். லில்லியிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ கேட்ட தேதி இல்லை. தினமும் காலையில் கரையில் நிற்கிற பயணம். பிடிக்கவில்லை என்றால் நான் இறங்கி நடக்க வழி இருக்க வேண்டும். வழி இருந்தும் நான் உட்கார்ந்திருக்கிறேனா என்று நீ பார்த்துக்கொள். அடைத்து வைத்து வாங்குகிற சம்மதம் உனக்கும் உதவாது.

அருளாயி அம்மாவுக்கும் நம் அறைகளுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை போடு. "எனக்கு வெவரம் தெரியாது, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கு உன் அம்மாவையும் என்னையும் திருச்சிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய். அந்தப் பையன் பரிமாறுகிற மேசையில் எங்களுக்கு இடம் வேண்டாம். பக்கத்து மேசை போதும். எனக்கு நன்றாகப் பரிமாறுவான், அது தெரியும். மற்றவர்களுக்கு எப்படிப் பரிமாறுகிறான் என்று நான் பார்க்க வேண்டும்.

உன் அப்பா,
ரத்தினவேல்