புரட்டாசிப் பக்கம்

நகரி,
18-11-1959, புதன் இரவு.

அன்புள்ள கோவர்த்தனன் அண்ணாவுக்கு, தங்கை சுலோசனா வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். நைனாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. திருத்தணி மெட்ராசோடு சேர்வது முடிவாகிவிட்டதாம், நாம் ஆந்திராவில்தானாம். நைனாவுக்கு இரண்டு நாளாக அதே பேச்சு. நான் எழுதுவது யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கின பிறகு சிம்னி விளக்கைச் சமையலறைக்குள் எடுத்துவந்திருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நேற்று உங்கள் கடிதத்தை நைனா உரக்கப் படித்தார். சனிக்கிழமை காலேஜில் புரொபசர்கள் முன்னால் நம் ஏரிக் கெளுத்தியைப் பற்றிப் பேசப்போவதாகவும், அது ஆவணியிலேயே முட்டையிட்டுவிடுகிறது என்பது மாதாமாதம் நான் மீன் அறுத்துச் சினைப்பையை நிறுத்து எழுதும் கணக்கில் புரட்டாசிப் பக்கத்தால்தான் தெளிவாயிற்று என்றும், கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அம்மா பக்கத்து வீட்டுக் கமலம்மாவைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு பேரு திருப்பதி காலேஜில ஏறிடுச்சு" என்றாள். நான் அடுப்பு ஊத உள்ளே போய்விட்டேன்.

அண்ணா, புரட்டாசியில் நான் ஒரு மீன்கூட அறுக்கவில்லை.

நம் வீட்டில் அந்த மாதம் மீன் வாசனையே ஆகாது. அதனால்தான் ஏரிக்கரையில் மீன்காரர் கிருஷ்ணப்பா வீட்டிலேயே அறுத்து நிறுத்து எழுதச் சொன்னீர்கள். முதல் சனிக்கிழமை தராசை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை போனேன். காலையில்தான் நாமம் போட்டு, கோவிந்தா சொல்லி, வாசல் வாசலாக அரிசி வாங்கிவந்திருந்தேன். அந்தக் கையால் அறுக்கப் பயமாக இருந்தது. திரும்பிவிட்டேன். அடுத்த வாரமும் போகவில்லை. மாதம் முடிந்த பிறகு உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆவணியில் சினைப்பை ஐந்து கிராம், ஆறு கிராம் இருந்தது. பிள்ளை பெற்றால் வயிறு இறங்குமே என்று நினைத்து, பத்து மீனுக்கும் இரண்டு, இரண்டரை என்று எழுதினேன். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் சந்தேகப்படுவீர்கள் என்று நடுவில் ஒரு மூன்றும் போட்டேன். அந்த மூன்றை நினைத்தால்தான் கூனிக்குறுகிப்போகிறேன்.

ஐப்பசிக் கடைசியில் அறுத்தபோது பைகள் நிஜமாகவே சுருங்கித் தளர்ந்து கிடந்தன. எழுதியது சரிதான் என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து மனசு அடித்துக்கொண்டது. இன்று சாயங்காலம் கிருஷ்ணப்பாவின் மனைவி வெங்கடலட்சுமியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவள் சிரித்தாள். "பொரட்டாசிலதான் பாப்பா, வயிறு வெடிக்கிற மாதிரி இருந்துச்சு. ஊர்ல ஒருத்தரும் வாங்கல. நாங்களேதான் சினையோட துன்னுக்கினு இருந்தோம்" என்றாள். ஐப்பசி மழையில் புதுத்தண்ணீர் வந்ததும்தான் முட்டை விட்டதாம்.

புரட்டாசியில் தாராளமாக வலை போடலாம் என்று மீன் ஆபீசுக்கு எழுதப்போவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். எழுதாதீர்கள் அண்ணா. முட்டையோடு இருக்கும் மீனையெல்லாம் வாரிவிடுவார்கள்.

சனிக்கிழமை பேசுவதற்கு முன் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். என் பெயரையும் எடுத்துவிடுங்கள். யார் கேட்டாலும் தங்கை பொய் எழுதினாள் என்றே சொல்லுங்கள். உங்கள்மேல் பழி வரக்கூடாது. நைனாவிடம் நீங்கள் சொல்லத்தான் வேண்டும் என்றால் சொல்லுங்கள். எனக்கு வாய் வராது.

மற்ற மாதங்களில் உள்ளதெல்லாம் என் கையால் அறுத்து நிறுத்தது. நம்புங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கார்த்திகை மீனை ஞாயிற்றுக்கிழமை தருவதாகக் கிருஷ்ணப்பா சொல்லியிருக்கிறார். அறுக்கட்டுமா, தராசைத் திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

இன்னும் உங்கள் தங்கைதான் என்று நினைக்கும்,
சுலோசனா